அறுவை சிகிச்சை முடிந்தவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிவிடலாம்; ஆஸ்பத்திரியில் கிடந்தவரைப் போய்ப் பார்க்காமல் இருந்தால், அது பல வருடம் கழித்தும் ஏதோ ஒரு சொத்துத் தகராறின் நடுவே எடுத்து வீசப்படும். இந்தப் பயத்தால் வருகிறவர்களும், இதே வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு யாரையும் வர வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தவிக்கிற குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகளே கீழே உள்ளன. பார்க்க வருவது வருகிறவரின் கடமைக் கணக்கைத் தீர்ப்பதற்காக அல்ல, படுத்திருப்பவரின் தேவைக்காக என்ற ஒரே நிலையிலிருந்துதான் எல்லாப் பதில்களும் எழுதப்பட்டுள்ளன. நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேட்க வேண்டும்.

அறுவை சிகிச்சை நடக்கும் அன்றே போய் நிற்க வேண்டுமா?

நெருங்கிய குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பேர் நின்றால் போதும். ஒருவர் அறுவை அரங்கின் வாசலைவிட்டு நகராமல் இருக்க வேண்டும். மருத்துவர் வெளியே வந்து ஏதாவது சொன்னாலோ, கூடுதலாக ஒரு சம்மதக் கையெழுத்துத் தேவைப்பட்டாலோ அவர் அங்கே இருந்தாக வேண்டும். மற்றவர் மருந்துக் கடைக்கும், ரத்த வங்கிக்கும், காப்பீட்டு அறைக்கும் நடப்பதற்கு. நோயாளி அறுவை முடிந்ததும் நேராக வார்டுக்கு வருவதில்லை. மயக்கம் தெளியும் அறையிலோ, தீவிர சிகிச்சைப் பிரிவிலோ சில மணி நேரமாவது வைத்திருப்பார்கள். எனவே அன்று வருகிற பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல்தான் திரும்புவார்கள்.

ரத்தம் கொடுக்க வருபவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். வயது 18 முதல் 65 வரை இருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5 கிராமும் தேவை. முந்தைய இரவு குடித்தவரை அழைத்துக்கொண்டு வந்து ரத்த வங்கி வாசலில் வாதாடுவதால் எந்தப் பயனும் இல்லை.

அப்படியானால் எந்த நாளில் போவது நல்லது?

என்ன அறுவை என்பதைப் பொறுத்தது. அக்காலத்தில் ஒருவருக்கு வயிற்றில் அறுவை என்றால் பல நாள் படுக்கை நிச்சயம் என்பதால், பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்து போனார்கள். 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணியில், எவரெஸ்ட் பயணங்களுக்குப் பெயர் பெற்ற சோமர்வெல் பிற்பாடு வயிற்றுப் புண்ணுக்கு ஏராளமான அறுவைகள் செய்த காலத்து வழக்கம் அது. இன்று பித்தப்பைக் கல்லுக்குத் துளை வழியாக அறுவை செய்துகொண்டவர் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார். குடலிறக்கத்துக்குச் செய்துகொண்டவர் சில சமயம் அன்றே போய்விடுகிறார். இவர்களை ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. நான்கைந்து நாள் கழித்து வீட்டில் போய்ப் பார்ப்பதே மரியாதை.

மூட்டு மாற்று, சிசேரியன், கர்ப்பப்பை அகற்றல் போன்றவற்றில் இரண்டாம் நாள் மாலைக்குப் பிறகு போகலாம். முதல் இருபத்துநான்கு மணி நேரம் வலியும் குமட்டலும் தூக்கமுமாகக் கழியும். அந்த நேரத்தில் வந்தவரை நோயாளி பிறகு நினைவில்கூட வைத்திருக்க மாட்டார். இதயம், மூளை, பெருங்குடல் போன்ற பெரிய அறுவைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய மறுநாளுக்கு முன்பாக நெருங்கிய குடும்பத்தார் தவிர வேறு யாரும் போகாமல் இருப்பதே நல்லது.

ஒரு நேரத்தில் எத்தனை பேர்? எவ்வளவு நேரம்?

கட்டில் அருகே இரண்டு பேர், பத்து அல்லது பதினைந்து நிமிடம்.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், யாரும் கடைப்பிடிப்பதில்லை. மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் பொது வார்டில் நடப்பதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கதவு திறந்ததும் ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள். வயதான அத்தை ஒருவர் கால் வலிக்கிறது என்று கட்டிலின் ஓரத்தில் உட்காருவார். மெத்தை ஒரு பக்கம் தாழ, படுத்திருப்பவருக்குத் தையல் போட்ட இடம் இழுக்கும், ஆனால் அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். கட்டிலின் கம்பியில் தொங்கும் சிறுநீர்ப் பை யாரோ ஒருவரின் முழங்காலில் மோதும். அவர் அருவருப்போடும் நல்லெண்ணத்தோடும் அதைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைப்பார். பை சிறுநீர்ப்பையைவிட உயரத்தில் இருந்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போகும், தொற்றும் கூடவே போகும். இதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் அந்த எட்டுப் பேரும் அவரையும் என்ன நோய் என்று விசாரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

கட்டிலில் உட்கார வேண்டாம். எந்தக் குழாயையும், பையையும், குளுக்கோஸ் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையையும் தொட வேண்டாம். நோயாளி பேச்சை நிறுத்திக் கண்களை மூடினால், கிளம்பச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

திருவனந்தபுரத்தில் அறுவை நடந்தால் ஊரிலிருந்து வேன் பிடித்துப் போகலாமா?

போக வேண்டாம் என்பதே என் பதில். மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைவிடத் திருவனந்தபுரம்தான் பழகிய திசை. அங்கிருக்கும் மருத்துவக் கல்லூரிக்கும், இதய, மூளை நோய்களுக்கான ஸ்ரீசித்திராவுக்கும், மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் போகாத குடும்பம் குறைவு. ஆனால் குலசேகரத்திலிருந்தோ கருங்கலிலிருந்தோ பதினான்கு பேர் ஒரு வேனில் போய் இறங்கினால், அந்த ஆஸ்பத்திரிகளில் அத்தனை பேருக்கும் அனுமதிச் சீட்டு கிடைக்காது. இரண்டு பேர் உள்ளே போவார்கள். மீதிப் பேர் வெளியே நின்றுகொண்டு, உடனிருப்பவரை — அங்கே பைஸ்டாண்டர் என்று அழைக்கப்படுபவரை — போனில் கீழே வரவழைப்பார்கள். முந்தைய இரவு முழுவதும் தூங்காத அந்த மனிதர் கீழே வந்து பன்னிரண்டு பேருக்கும் ஒரே கதையைச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, வழியனுப்பிவிட்டு மாடி ஏற வேண்டும்.

அந்த வேன் வாடகையைக் குடும்பத்திடம் கொடுத்தால் இரண்டு நாள் அறை வாடகைக்காவது உதவும். ஆள்தான் போக வேண்டும் என்றால், ஊரிலிருந்து ஒருவர் மட்டும் காலை ரயிலில் போய், உடனிருப்பவரை ஒரு பகல் முழுவதும் தூங்க வைத்துவிட்டு மாலை ரயிலில் திரும்பலாம். அது ஆயிரம் விசாரிப்புக்குச் சமம்.

என்ன சாப்பாடு கொண்டுபோகலாம்?

முதலில் கேட்க வேண்டியது, நோயாளிக்கு வாய்வழியாகச் சாப்பிட அனுமதி கிடைத்துவிட்டதா என்பதைத்தான். கட்டிலின் தலைமாட்டில் வாய்வழி எதுவும் கூடாது என்று எழுதி மாட்டியிருக்கும்போது, “என்ன மக்கா, ஒண்ணும் தின்னாம கெடந்தா ஒடம்பு எப்பிடித் தேறும், இந்தா ஒரு மடக்குக் குடி” என்று சூட்டோடு காப்பியை நீட்டுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். மயக்க மருந்தின் தாக்கம் முழுவதும் நீங்காதவருக்கு விழுங்கும் தன்மை சரியாக இருக்காது. குடித்தது வாந்தியாக மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரலாம். குடலில் அறுவை செய்தவருக்கு எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பது மருத்துவர் தினமும் வயிற்றைப் பார்த்து முடிவு செய்யும் விஷயம். உதடு வறண்டு அவர் தண்ணீர் கேட்டால், செவிலியரிடம் கேட்டுவிட்டு ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடலாம்.

அனுமதி கிடைத்த பிறகும் எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு டஜன் மட்டி வாழைப்பழமும் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸும் கொண்டுபோவது அவருடைய புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் காரியம். மட்டி நம் மாவட்டத்தின் பெருமைதான், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ரத்தச் சர்க்கரை அந்தப் பெருமையைப் பார்ப்பதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஆபத்தாக முடியலாம். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடத் தொடங்கியவருக்குத் திடீரென்று தினமும் முருங்கைக் கீரை சமைத்துக் கொண்டுபோனால், அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. மீன் தின்றால் புண் பழுக்கும், முட்டை தின்றால் சீழ் பிடிக்கும், பயறு வாயு என்று ஒவ்வொருவரும் ஒன்றை விலக்கி, கடைசியில் நோயாளிக்கு வெறும் கஞ்சித்தண்ணீர்தான் மிஞ்சும். புண் ஆறுவதற்குப் புரதம் தேவை. ஒவ்வாமை இல்லாதவருக்கு, மருத்துவர் சாதாரண உணவுக்கு அனுமதி கொடுத்துவிட்டால், எரிவு குறைத்து வைத்த சாளை மீன் குழம்பும், அவித்த முட்டையும், சிறுபயறு போட்ட கஞ்சியும் மிக நல்ல உணவுகள். எதையும் நோயாளியின் கையில் கொடுக்காமல், உடனிருப்பவரிடமோ செவிலியரிடமோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். கடையில் வாங்கிய எண்ணெய்ப் பலகாரம் வேண்டவே வேண்டாம். அது எப்படியும் உடனிருப்பவரின் வயிற்றுக்குத்தான் போகும்.

கை கழுவுவது அவ்வளவு முக்கியமா?

ஆம். 1847-இலேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டில் கைகளைக் குளோரின் கலந்த நீரில் கழுவ வைத்தே இறப்புகளைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். சோப்புப் போட்டால் 40 முதல் 60 வினாடி, ஆல்கஹால் கலந்த கைத்திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி, விரல் இடுக்குகளிலும் கட்டைவிரலைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். வார்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் செய்ய வேண்டும். பேருந்துக் கம்பியைப் பிடித்து வந்த கை நேராக நோயாளியின் கையைப் பிடிக்கக் கூடாது. பேதி பரவும் நேரத்தில் கைத்திரவத்தை நம்பக் கூடாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகள் அதற்குச் சாவதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

சளி, காய்ச்சல், கண் நோய், வயிற்றுப்போக்கு, தோலில் சீழ்ப்புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டாம். வீட்டில் குழந்தைக்குச் சின்னம்மை வந்திருந்தால், உங்களுக்கு அது முன்பே வந்து போயிருந்தால் ஒழிய, சில வாரம் தள்ளிப் போடுங்கள். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பரவும். கட்டைப் பிரித்துத் தையலைக் காட்டச் சொல்லும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. வார்டுக்கும் தவிர்ப்பது நல்லது. பாட்டா பேரனைப் பார்க்காமல் சாப்பிட மறுக்கிறார் என்ற நிலை வந்தால், செவிலியரிடம் சொல்லி, உடல்நலத்தோடு இருக்கும் பிள்ளையை ஐந்து நிமிடம் அழைத்துக் காட்டிவிட்டுக் கூட்டிப் போய்விடலாம். குழாய்களைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க, முன்பே பிள்ளையிடம் சொல்லி வைக்க வேண்டும்.

பார்க்கப் போகிறவர் சும்மா நிற்காமல் உதவ முடியுமா?

முடியும், அதற்கு மிகச் சிறந்த இடம் மூன்று பந்துக் கருவிதான். நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை செய்தவர்களுக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் கருவி கொடுக்கிறார்கள். மூன்று குழல், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, ஒரு நீண்ட குழாய், அதன் முனையில் வாயில் வைக்கும் பகுதி. பெரும்பாலான வீடுகளில் அதை ஊதுகிற கருவி என்று நினைத்து, நோயாளி கன்னம் உப்ப ஊதுவார், பந்து நகராது, கருவி கெட்டுப்போய்விட்டது என்று ஜன்னல் ஓரம் வைத்துவிடுவார்கள். உண்மையில் அது உறிஞ்சுகிற கருவி. மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, வாயால் கவ்வி, மெதுவாக உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக எழும். எழுந்ததை இரண்டு மூன்று வினாடி மேலேயே நிறுத்தப் பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை என்பது பொதுவான அளவு. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவரின் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, அங்கே சளி தங்கித் தொற்று வராமல் இருக்கத்தான் இந்தப் பயிற்சி. “மாமா, ரெண்டு பந்துவரை வந்தாச்சு, மூணாவதையும் தூக்குங்க பார்ப்போம்” என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வது, என்ன செலவு ஆயிற்று என்று விசாரிப்பதைவிட எவ்வளவோ மேல். இருமும்போது வயிற்றுத் தையலின் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் வலி குறையும்.

நடப்பதும் அப்படித்தான். தையல் பிரியும்வரை அசையவே கூடாது என்பது பழைய நம்பிக்கை. பெரும்பாலான அறுவைகளில் இப்போது அன்று மாலையோ மறுநாளோ நடக்க வைக்கிறார்கள், ஏனென்றால் அசையாமல் கிடந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும் ஆபத்து உண்டு. முதல் முறை எழுப்பும்போது செவிலியர் உடன் இருக்க வேண்டும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்கார வைத்து, தலைச்சுற்றல் இல்லை என்று உறுதி செய்த பிறகே நிற்க வைக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு அறுவை செய்தவருக்குக் காலில் உணர்வு முழுவதும் திரும்பும்வரை இந்த வேலையே கூடாது.

அறுவைக்குப் பிறகு அப்பா சம்பந்தமில்லாமல் பேசுகிறார். உறவினர்கள் மூளை கலங்கிவிட்டது என்கிறார்கள். உண்மையா?

வயதானவர்களுக்கு, குறிப்பாக இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு, முதல் மூன்று நாட்களுக்குள் தற்காலிகமான மனக்குழப்பம் வருவது மிகவும் சாதாரணம். இரவில் அதிகமாகும். இறந்துபோன அம்மையைக் கூப்பிடுவார், குழாயைப் பிடுங்கப் பார்ப்பார், ஆஸ்பத்திரியைத் தோட்டம் என்று நினைத்து ரப்பர் வெட்டக் கிளம்புவார். வலி, தூக்கமின்மை, தொற்று, சோடியம் குறைவு, சில மருந்துகள் என்று காரணங்கள் பல. எனவே முதல் வேலை மருத்துவரிடம் உடனே தெரிவிப்பது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் தெளியும். சிலருக்குக் கூடுதல் காலம் ஆகலாம்.

பார்வையாளர்களை முற்றிலும் குறைத்து, குடும்பத்தில் ஒருவர் தொடர்ந்து உடன் இருக்க வேண்டிய கட்டம் இது. அவருடைய கண்ணாடியையும், காது கேட்கும் கருவியையும், பல்செட்டையும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். பகலில் வெளிச்சம் படும்படி வைத்து, இரவில் விளக்கைக் குறையுங்கள். இன்று செவ்வாய்க்கிழமை, இது ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, காலில் அறுவை முடிந்துவிட்டது என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவரோடு வாதாட வேண்டாம், சிரிக்க வேண்டாம், வீடியோ எடுக்கவே வேண்டாம்.

வெளியே சொல்லத் தயங்கும் ஒரு காரணமும் உண்டு. தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு, திடீரென்று நிறுத்தப்பட்டதால், முதல் நான்கு நாட்களுக்குள் கை நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் வலிப்பும் வரலாம். இது உயிருக்கே ஆபத்தாகலாம். மானம் போகும் என்று மறைக்காமல், அறுவைக்கு முன்பே, எவ்வளவு குடிப்பார் என்று மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பார்க்க வருகிற நண்பர் பாட்டிலை ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பது உதவி ஆகாது.

கட்டில் அருகே ஜெபிக்கலாமா? திருநீறு, மந்திரித்த கயிறு கொடுக்கலாமா?

தாராளமாக ஜெபிக்கலாம், ஓதலாம், திருநீறு பூசலாம். நோயாளி விரும்பினால், பக்கத்துக் கட்டில் எழும்பாத குரலில். பன்னிரண்டு பேர் கொண்ட ஜெபக்குழு கட்டிலைச் சூழ்ந்து பாடும்போது, எதிர்க் கட்டிலில் இருப்பவருக்கு அன்று காலையில்தான் அறுவை முடிந்திருக்கும் என்பதை நினைக்க வேண்டும். அதற்கு வராந்தா இருக்கிறது, பல ஆஸ்பத்திரிகளில் ஜெப அறையும் இருக்கிறது. திருநீறும் ஜெப எண்ணெயும் நெற்றியோடு நிற்கட்டும். கட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில்கூட வேண்டாம். குடிக்க அனுமதி இல்லாதவருக்குத் தீர்த்தமும் இல்லை. கயிறு கட்டுவதானால், ஊசிக் குழாய் செருகிய கையில் கட்டாதீர்கள். கை வீங்கினால் கயிறு இறுகும். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தியும் சாம்பிராணியும் ஒருபோதும் கூடாது.

பூ கொண்டுபோகலாமா?

வேண்டாம். தோவாளைப் பூ எவ்வளவு புதியதாக இருந்தாலும் வார்டில் அதை வைக்க இடம் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விடவும் மாட்டார்கள்.

எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது?

இதே அறுவை செய்துகொண்ட யாரோ ஒருவர் மூன்றாம் நாள் இறந்துபோன கதையை நோயாளியின் தலைமாட்டில் நின்று சொல்லாத உறவினர் இருந்தால், அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம். எந்த டாக்டர் செய்தார், ஏன் இங்கே செய்தீர்கள், திருவனந்தபுரம் போயிருக்கலாமே என்பதெல்லாம் அறுவை முடிந்த பிறகு பயனற்ற பேச்சு. கர்ப்பப்பை அகற்றிய பெண்ணிடம் காரணம் கேட்பதும், திசுப் பரிசோதனை முடிவு வந்ததா என்று உரக்க விசாரிப்பதும் மன்னிக்க முடியாதவை. கண்ணை மூடியிருப்பவருக்குக் காது கேட்கும். வீட்டு ஆடு குட்டி போட்டது, கோதையாற்றில் தண்ணீர் கூடியது, சர்ச் கமிட்டித் தேர்தலில் யார் நிற்கிறார்கள் போன்ற சாதாரண விஷயங்கள்தான் படுத்திருப்பவருக்கு வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று: முழு மயக்கம் கொடுத்த பிறகு குறைந்தது 24 மணி நேரத்துக்கு எந்தச் சட்ட ஆவணத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. பாகப் பத்திரத்தையும் வங்கிப் படிவத்தையும் பழக் கூடைக்குள் வைத்துக்கொண்டு வருகிறவர்களை உடனிருப்பவர் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

மகன் வளைகுடாவில் இருக்கிறான். வீடியோ அழைப்பில் காட்டலாமா?

காட்டலாம், காட்டத்தான் வேண்டும். கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் திரும்பாத தூத்தூர்ப் பகுதி வீடுகளிலும், பிள்ளைகள் துபாயிலும் குவைத்திலும் இருக்கும் வீடுகளிலும், நோயாளி உண்மையில் எதிர்பார்க்கும் முகம் வார்டுக்கு வருகிற நாற்பது முகங்களில் இருப்பதில்லை. செவிலியரிடம் கேட்டு, இயர்போன் பொருத்தி, மற்ற கட்டில்கள் திரையில் விழாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி, சில நிமிடம் பேச வையுங்கள். பேசுவதற்கு முன் மகனிடம் முகம் வீங்கியிருக்கும், மூக்கில் குழாய் இருக்கும் என்று சொல்லி வையுங்கள். அவன் அங்கே தனியாக இருந்து பார்க்கிறான். குடும்பக் குழுவில் படுக்கைப் படத்தைப் போடுவது நோயாளியின் சம்மதம் இல்லாமல் கூடாது.

கையில் பணம் கொடுப்பது சரியா?

நம் ஊரில் பார்க்க வருகிறவர் கிளம்பும்போது தலையணைக்கு அடியில் பணம் வைப்பது நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். தலையணையில் வைக்காமல், செலவைப் பார்க்கும் நபரின் கையில் கொடுத்து, நோயாளிக்கு மட்டும் தெரிவியுங்கள். வார்டில் பணம் களவு போவது புதிதல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை நடந்திருந்தாலும், போக்குவரத்து, உடனிருப்பவரின் சாப்பாடு, இழந்த கூலி ஆகியவை குடும்பத்தின் தலையில்தான் விழும்.

பார்க்கப் போன நேரத்தில் எதைக் கண்டால் உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும்?

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கட்டு நனையும்படி ரத்தம் கசிவது, நடுக்கத்தோடு காய்ச்சல், எழுப்பினாலும் எழாத மயக்கம், பேச்சு குழறுவது, பல மணி நேரமாகச் சிறுநீர் வராமல் இருப்பது ஆகியவற்றைக் கண்டால் மருத்துவர் சுற்றுக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. வெளியிலிருந்து வருகிறவரின் கண்ணுக்கு, எப்போதும் பக்கத்திலேயே இருப்பவர் கவனிக்காத மாற்றம் சில சமயம் முதலில் தெரியும். சொல்வதைப் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். கூட்டம் கூட்டிச் சத்தம் போடுவது வேறு. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைக் கடுமையாகத் தண்டிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கிறது.

நோயாளிக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்வது?

நோயாளியோ, அவருடைய மனைவியோ சொன்னால் மனஸ்தாபம் வரும். எனவே குடும்பத்தில் எல்லோரும் மதிக்கும் ஒருவரை, மூத்த அண்ணனையோ தாய்மாமாவையோ, இந்த வேலைக்கு நியமியுங்கள். அவர் டாக்டரின் மேல் பழியைப் போடலாம், டாக்டர்களுக்கு அது பழக்கம்தான். அறுவை முடிந்த அன்றே அவருடைய எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போகட்டும்: “அத்தானுக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் பார்க்க வர வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நானே தெரிவிக்கிறேன், அப்போது எல்லோரும் வாருங்கள். ஏதாவது தெரிய வேண்டும் என்றால் எனக்குக் கூப்பிடுங்கள், அக்காளைக் கூப்பிட வேண்டாம்.” கடைசி வரி மிக முக்கியம். மற்றவர் எப்படியும் கோபப்படுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு: வராதே என்று சொல்லப்பட்டவர்களில் பாதிப்பேர் உள்ளுக்குள் நிம்மதி அடைவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எப்போது போகலாம், என்ன செய்யலாம்?

முதல் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அதன் பிறகு, போன் செய்து கேட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு மேல் போங்கள். சாப்பாட்டு நேரத்திலும் மதியத் தூக்க நேரத்திலும் வேண்டாம். வீட்டுக்காரர் உங்களுக்குக் காப்பி போட வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். அறுவைப் புண்ணில் தொற்று முப்பது நாள் வரையிலும், உள்ளே உலோக மூட்டு வைத்திருந்தால் அதற்கு மேலும் வரலாம் என்பதால், கை கழுவும் விதி வீட்டிலும் மாறுவதில்லை.

முதல் வாரத்தில் கூட்டம் தாங்காது, மூன்றாம் வாரத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அப்போதுதான் மறுபரிசோதனைக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும், ரேஷன் வாங்க ஆள் வேண்டும், வெட்டு நின்றுபோன ரப்பருக்கு வேறு ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் முறையை அந்த வாரத்துக்கு மாற்றி வையுங்கள். தையல் பிரிக்கவோ மறுபரிசோதனைக்கோ என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை வெளியேற்றச் சீட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அன்று காலை ஏழு மணிக்கு வண்டியோடு வாசலில் நில்லுங்கள்.